கறுப்புக் கோதுமை பீரை நிதானமாக ருசிப்பது எப்படி?

பீர் என்றால் ஐஸ் மாதிரி இருக்க வேண்டும், 'ஸ்ட்ராங்' என்றால் சட்டென்று தலைக்கு ஏற வேண்டும் என்ற பழக்கம் நம் பக்கம் ஊறிப்போயிருக்கிறது. சித்திரை வெயிலில் 650 மில்லி பாட்டிலை வியர்க்க வியர்க்கத் திறந்து குடிக்கிற லாகருக்கு, அதாவது நம் கடைகளில் கிடைக்கும் வழக்கமான பீருக்கு, அது பொருந்தும். ஜெர்மனியின் பவேரியாவில் காய்ச்சும் வைட்சன்போக் என்ற கனத்த கோதுமை பீரை அப்படிக் குடித்தால் காசும் போச்சு, பீரும் போச்சு. இதில் ஆல்கஹால் 6.5 முதல் 9 சதவீதம். நம்மூர் ஸ்ட்ராங் பீரும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் பல ஸ்ட்ராங் லாகர்களில் அரிசி, சோளம், சர்க்கரை சேர்த்து ஆல்கஹாலை ஏற்றுவார்கள். பீரின் கனம் மெலிந்திருக்கும், அதை மறைக்கத்தான் அவ்வளவு குளிர். வைட்சன்போக்கில் பலம் வருவது மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, அள்ளிப் போடுவதால். அந்த மால்ட் தருகிற வாசனையும் கனமும்தான் விஷயம். போதை அதன் கூடவே வருகிற சங்கதி.

'வைட்சன்' என்றால் கோதுமை. 'போக்' என்பது வட ஜெர்மனியின் ஐன்பெக் ஊர்ப் பெயர் பவேரியர் வாயில் திரிந்து வந்தது. ஜெர்மனில் அதே சொல்லுக்குக் கிடாய் என்றும் அர்த்தம் உண்டு. பல போக் லேபிள்களில் கொம்போடு கிடாய் நிற்பது அதனால்தான். காய்ச்சிய சாற்றில் கரைந்த மால்ட் சத்து குறைந்தது 16 பிளாட்டோ (100 கிராம் சாற்றில் சுமார் 16 கிராம் சத்து) இருந்தால் போக், 18 தாண்டினால் டாப்பல்போக், அதாவது 'இரட்டை போக்'. மால்ட்டில் குறைந்தது பாதி கோதுமையாக இருக்க வேண்டும். இந்த வகையின் முன்னோடி ஷ்னைடர் ஆலையின் அவென்டினுஸ். 1907-இல் மியூனிக்கில் தொடங்கியது, ஆல்கஹால் 8.2 சதவீதம். மியூனிக் ஆலை இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. இப்போது கெல்ஹைம் ஊரில் காய்ச்சுகிறார்கள். எர்டிங்கரின் பிகான்டுஸ் 7.3 சதவீதம், அதுவும் கறுப்பு. வைஹென்ஸ்டெஃபான் ஆலையின் விட்டுஸ் 7.7 சதவீதம், ஆனால் வெளிர் நிறம். ஆக, வைட்சன்போக் எல்லாம் கறுப்பாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். இங்கே சொல்லப்போவது கறுப்பு வகைக்கு.

வாங்கும்போது

லேபிளில் 'டுங்கெல்' என்று மட்டும் இருந்தால் அது சாதாரணக் கறுப்புக் கோதுமை பீர், ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நல்ல பீர்தான், ஆனால் இது அல்ல. 'போக்' என்ற சொல்லும் 6.5-க்குக் குறையாத ஒரு சதவீத எண்ணும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். ஜெர்மன் லேபிளில் 8.2 என்பதை 8,2 என்று கமா போட்டு அச்சடிப்பார்கள், குழம்ப வேண்டாம். 'மின்டெஸ்டென்ஸ் ஹால்ட்பார் பிஸ்' என்ற வரிக்கு எதிரே இருப்பது எந்தத் தேதி வரை நன்றாக இருக்கும் என்பது. நம்மைப் போலவே நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை. மூடியைச் சுற்றித் துரு, பாட்டில் கழுத்தில் பிசுபிசுப்பு, மற்ற பாட்டில்களைவிடத் தாழ்ந்த மட்டம், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் எடுக்காதீர்கள். காற்று உள்ளே போயிருக்கலாம். அடியில் ஈஸ்ட் வண்டல் படிந்திருப்பது குறையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும்.

திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்காரர்களும் கோவை பம்ப், டெக்ஸ்டைல் மெஷின் ஆட்களும் கண்காட்சிக்கு ஜெர்மனி போய்வருவது சகஜம். வருகிறவரிடம் சொல்லிவிடுவதானால் அரை லிட்டர் பாட்டில் நான்கு என்று கணக்குச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் தீர்வையில்லாமல் ஒருவர் கொண்டுவரலாம் என்ற 2 லிட்டர் மது அளவு அதோடு சரியாகிவிடும். கைப்பையில் அனுமதியில்லை, பெட்டியில்தான் போட வேண்டும். ஒவ்வொரு பாட்டிலையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, துண்டில் சுற்றி, துணிகளுக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள். பெட்டியின் ஓரத்தில் வைத்தால் தூக்கி எறிகிற அடி நேராகப் பாட்டிலுக்கு விழும்.

வந்த அன்றே திறக்கவே கூடாது. குலுங்கிய ஈஸ்ட் பீர் முழுக்க மிதக்கும். மூடியை நெம்பியதும் கால் பாட்டில் நுரையாக மேஜையில் ஓடும், மிச்சம் சேற்றுத் தண்ணீர் மாதிரி கலங்கி நிற்கும். ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைத்து மூன்று நாள் விடுங்கள். கதவுத் தட்டில் வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் குலுங்கும், வெப்பமும் ஏறி இறங்கும். அதைவிட மோசம், பல்லடம் ரோட்டில் வெயிலில் நிற்கும் காரில் ஒரு மதியம் விட்டுவிடுவது. நன்றாக வைத்தால் மாதக்கணக்கில் நடக்க வேண்டிய கெடுதல் அந்தச் சூட்டில் சீக்கிரமே நடந்துவிடும்.

டம்ளர்

பவேரியாவில் அரை லிட்டர் கொள்கிற, இடுப்பு ஒடுங்கி மேலே விரிந்த உயரமான கண்ணாடி டம்ளரில் குடிப்பார்கள். ருசி பார்க்க அதைவிட, வாய் சற்றுக் குறுகிய 350 மில்லி ஒயின் கிளாஸ் நன்றாக வேலை செய்யும். வாசனை உள்ளேயே சுழன்று நிற்கும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். நிறம் தெரியாது, உதட்டில் உலோக வாடை படும்.

கழுவுவதில்தான் நம் வீடுகளில் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். பாத்திரம் விளக்கும் சோப்பின் மிச்சமும் எண்ணெய்ப் பசையும் நுரையைக் கொன்றுவிடும். குழம்புப் போசியைத் தேய்த்த அதே நாரில் கிளாஸைத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கிளாஸுக்கென்று தனி ஸ்பாஞ்ச் வையுங்கள். ஒரு டீஸ்பூன் சோடா உப்பு போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிக் கவிழ்த்துங்கள். துணியால் துடைக்க வேண்டாம். போர் தண்ணீரில் அலசினால் காய்ந்தபின் வெள்ளைப் பொடி படியும். அந்தப் பொடியில் குமிழி ஒட்டி வரிசை வரிசையாக ஏறும், பீர் சீக்கிரம் சப்பென்று ஆகும். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு கொடுத்துவைத்தது. கிளாஸ் சுத்தமா என்று பார்க்க உள்ளே தண்ணீர் ஊற்றிக் கொட்டுங்கள். சீரான படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய் இருக்கிறது.

குளிர் எவ்வளவு?

10 முதல் 13 டிகிரி செல்சியஸ். ஃப்ரிட்ஜ் தருவது 4 டிகிரி. அந்தக் குளிரில் வாசனைப் பொருட்கள் ஆவியாகி மேலே வருவதில்லை, நாக்கும் மரத்துப்போகும். இனிப்பு அடங்கி, கசப்பும் ஆல்கஹாலும் மட்டும் துருத்தும். கோடையில் 32 டிகிரி அறையில் பாட்டிலை வெளியே எடுத்து வைத்தால் சுமார் 15 நிமிடத்தில் பதத்துக்கு வந்துவிடும். மார்கழி ராத்திரியில் அரை மணி விடுங்கள். கிச்சன் தெர்மாமீட்டர் இருந்தால் முதல் முறை அளந்து பாருங்கள், அடுத்த முறை கையே சொல்லும். "என்னுங் மாப்ள, பீரு ஜில்லுனே இல்லீங்களே?" என்று யாராவது கேட்பார்கள். ஒரு வாய் 4 டிகிரியில், ஒரு வாய் 12 டிகிரியில் கொடுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது. ஐஸ் கட்டி போடுவது, எலுமிச்சை பிழிவது இரண்டும் வேண்டாம். எலுமிச்சை நுரையை அடக்கும், அதன் வாசனை மற்றதையெல்லாம் மூடிவிடும்.

அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி எதுவும் எரியக்கூடாது. மேஜைக்குப் பக்கத்தில் மல்லிகைச் சரமும் வேண்டாம். வெற்றிலை, காப்பி, சிகரெட் அரை மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஊற்றுவது

கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை நனைத்துக் கொட்டுங்கள். ஈரக் கண்ணாடியில் பீர் வழுக்கி இறங்கும், நுரை அளவுக்கு மீறி எழாது. இந்தப் பீரில் கேஸ் சாதாரண லாகரைவிட அதிகம், அதனால் இதைத் தவிர்க்கக் கூடாது. கிளாஸை 45 டிகிரி சாயுங்கள். பாட்டில் கழுத்தைக் கிளாஸின் உள்சுவரில் வைத்து, நூல் பிடித்த மாதிரி மெல்லிய தாரையாக விடுங்கள். மட்டம் ஏற ஏறப் பாட்டிலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே வாருங்கள். கழுத்து எப்போதும் பீருக்கு ஒரு விரற்கடை மேலே இருக்கட்டும். அவசரப்பட்டுக் குபுக்கென்று கவிழ்த்தால் கிளாஸ் முக்கால்வாசி நுரைதான். கடைசி இரண்டு அங்குலம் வரும்போது கிளாஸை நிமிர்த்துங்கள், இரண்டு விரல் நுரை எழும்பட்டும். பாட்டிலில் 50 மில்லியை வண்டலோடு விட்டுவையுங்கள்.

பவேரியர்கள் அந்த மிச்சத்தைச் சுழற்றி, வண்டலையும் சேர்த்து ஊற்றிவிடுவார்கள். ருசி பழகுகிறவர்கள் முதலில் தெளிவானதைப் பாதி குடித்துவிட்டு, பிறகு வண்டலைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஈஸ்ட் சேர்ந்ததும் வாயில் கனம் கூடும், ரொட்டி மாவு வாசனை ஏறும், பழ வாசனை கொஞ்சம் பின்வாங்கும். எது பிடிக்கிறது என்பது அவரவர் நாக்கு. இருவர் பகிர்ந்தால் முதல் கிளாஸ் தெளிவாகவும் இரண்டாவது கலங்கலாகவும் போய்விடும். பாட்டிலைத் திறக்கும் முன் மேஜையில் படுக்கவைத்து மெதுவாக நாலு உருட்டு உருட்டினால் இருவருக்கும் ஒரே மாதிரி வரும்.

பகிர்வது பற்றி ஒரு கணக்கு: 8.2 சதவீத அரை லிட்டரில் 32 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத அரை லிட்டரில் 20 கிராம். இனிப்பும் பழமும் முன்னால் நிற்பதால் பலம் தெரியாமலேயே இறங்கிவிடும். ஒரு பாட்டில் இருவருக்கு, ஒரு மணி நேரத்துக்கு. அதன் பிறகு வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 21 வயது ஆகாதவர்கள் இதைத் தொட வேண்டியதே இல்லை.

மூக்கைப் பழக்குவது

பலருக்கு வாசனை தெரியும், பெயர் வராது. முதல் பாட்டில் திறக்கும் அன்று ஐந்து சிறிய கிண்ணங்களைத் தயார் செய்து மூடி வையுங்கள். ஒன்றில் தோல் கறுக்கும் வரை பழுத்த நேந்திரம் பழம், பாதியை மசித்து. இரண்டாவதில் 2 கிராம்பை நசுக்கி 50 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்தது. மூன்றாவதில் 10 உலர் திராட்சையும் 2 பேரீச்சம்பழமும், கொஞ்சம் வெந்நீர் தெளித்து. நான்காவதில் ஒரு டீஸ்பூன் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை. வாணலியில் லேசாக உருகி நிறம் மாறியதும் இறக்கியது. ஐந்தாவதில் பொன்னிறத்தைத் தாண்டிச் சிவக்க வறுத்த கோதுமை மாவு ஒரு ஸ்பூன். ஒவ்வொன்றையும் முகர்ந்துவிட்டு, பீரை முகருங்கள். தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி இருக்காது, பெயர் தானாக வந்து விழும்.

இவை வந்த வழி தெரிந்தால் மனதில் நிற்கும். வாழைப்பழ வாசனை ஐசோஅமைல் அசிட்டேட். மிட்டாய்க்குப் போடும் வாழை எசென்ஸிலும் முக்கியமாக இருப்பது அதுதான். கோதுமை பீருக்கான ஈஸ்ட் புளிக்கும்போது அதை உண்டாக்குகிறது. சாறு எவ்வளவு கெட்டியோ, புளிக்கும் வெப்பம் எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு வாழை. கிராம்பு வாசனை வேறு வழியில் வருகிறது. மால்ட்டில் இருக்கும் ஃபெரூலிக் அமிலத்தை அதே ஈஸ்ட் 4-வினைல் குவையகால் ஆக மாற்றுகிறது. மால்ட்டை ஊறவைக்கும்போது 43-45 டிகிரியில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் அந்த அமிலம் கூடுதலாக வெளியேறும், கிராம்பும் கூடும். பீரில் கிராம்பு ஒன்றுகூடப் போடுவதில்லை. பேரீச்சை, திராட்சை, வறுத்த மாவு எல்லாம் கறுத்த மால்ட் சூட்டில் சிவந்ததால் வருவது.

கருப்பட்டியை ஆறாவது கிண்ணமாக வைக்கத் தோன்றும். நிறம் ஒத்துப்போகும்தான். ஆனால் கருப்பட்டியில் புகை வாடை உண்டு, நல்ல வைட்சன்போக்கில் புகை இருக்காது. தீய்ந்த காப்பிக்கொட்டைக் கசப்பும் இருக்கக்கூடாது.

கிளாஸில் என்ன பார்ப்பது

வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் கறுப்பு மாதிரி தெரிந்தாலும் ஓரத்தில் செவ்வாழைத் தோலின் சிவப்பு தெரிய வேண்டும். லேசான கலங்கல் இருக்கும். நுரை வெளிர் பழுப்பு, மோர் நுரையைவிடக் கெட்டி. கோதுமைப் புரதம் அதிகம் என்பதால் சித்த நேரம் நின்று, குடிக்கக் குடிக்கக் கிளாஸில் வளையம் வளையமாக ஒட்டும். ஒரு நிமிடத்தில் நுரை காணாமல் போனால் முதலில் கிளாஸைச் சந்தேகியுங்கள், பிறகு பீரை.

முகர்வதற்கு நீளமாக இழுக்காதீர்கள். சின்னச் சின்னதாக இரண்டு மூன்று இழுப்பு, சிறிது இடைவெளி, மறுபடி. உள்ளங்கையால் கிளாஸை மூடி மெதுவாகச் சுழற்றி, கையை எடுத்ததும் முகர்ந்தால் அடங்கியிருந்தது எழும். மூக்கு சலித்துப்போனால் உங்கள் சட்டைக் கையை முகருங்கள். பழகிய வாசனை மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

முதல் வாயை விட்டுவிடுங்கள், அது நாக்கைக் கழுவத்தான். இரண்டாவது வாய் ஒரு டேபிள்ஸ்பூன் அளவு. நாக்கு முழுக்கப் பரவ விட்டு, மூன்று நொடி வைத்து, விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். இந்த மூச்சில்தான் பேரீச்சையும் கிராம்பும் மறுபடி வரும். இதைச் செய்யாதவர்கள் பாதிப் பீரைத்தான் ருசித்தவர்கள். கசப்பு குறைவாக இருக்கும். கனம் இருந்தாலும் பாகு மாதிரி ஒட்டக்கூடாது. கேஸ் அதைத் தூக்கிவிட வேண்டும். தொண்டையில் ஒரு கதகதப்பு இறங்கும். அது எரிச்சலாக இருந்தால் பீர் சரியில்லை, அல்லது சூடேறிவிட்டது. 10, 13, 16 டிகிரி என்று கிளாஸ் சூடேற ஏற மூன்று முறை குறித்து வையுங்கள். பெரும்பாலும் வாழை முதலில் நிற்கும், பிறகு உலர்பழம் முன்னுக்கு வரும், 16-இல் ஆல்கஹால் தலைகாட்டும்.

கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது

நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் காற்றும் சூடும் பட்டிருக்கிறது. ஃப்ரைடு ரைஸ் கடைச் சோயா சாஸ் வாடை வந்தால், அடியில் இருந்த ஈஸ்ட் சூட்டில் செத்துக் கரைந்திருக்கிறது. நம் வெயிலில் அதிகம் வாய்க்கிற கோளாறு இதுதான். ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கின வாசனை வந்தால் அது டயாசிட்டைல் என்ற பொருள். புளித்து முடியும் முன் ஈஸ்ட்டைப் பிரித்தாலோ பாக்டீரியா புகுந்தாலோ அது தங்கிவிடும். நெயில் பாலிஷ் வாடை அதிக வெப்பத்தில் புளிக்கவைத்ததன் அடையாளம். ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் வாடையைக் கிராம்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கிராம்பு இதமாக இனிக்கும், இது தொண்டையைச் சுரண்டும், வேண்டாத ஈஸ்ட்டாலோ குளோரின் தண்ணீராலோ வருவது. மூன்று நாள் ஓய்வுக்குப் பிறகும் திறந்ததும் பீய்ச்சிக்கொண்டு வந்து, குடித்தால் நீர்த்துப் புளித்திருந்தால் கிருமி புகுந்த பாட்டில். கொட்டிவிடுங்கள்.

கூட எதைச் சாப்பிடலாம்?

கச்சாயம். வெல்லமும் அரிசியும் எண்ணெயில் சிவந்த அந்த ஓரம் இந்தப் பீரின் மால்ட்டோடு அப்படியே கலக்கும். ஒப்புட்டு, எள்ளுருண்டை இரண்டும் நன்றாகச் சேரும். காரத்தில் கவனம் தேவை: ஆல்கஹாலும் கேஸும் மிளகாய் எரிச்சலைத் தூக்கிவிடும். பள்ளிபாளையம் சிக்கன் தேங்காய்ச் சில்லுக்காக இதற்குப் பொருத்தமானதுதான், ஆனால் மிளகாயைப் பாதியாகக் குறைத்து, தேங்காயைக் கூட்டிச் செய்யுங்கள். மிளகு தூக்கலான மட்டன் வறுவல் இன்னும் மேல். வட்டலில் பச்சை வெங்காயம், எலுமிச்சை ஊறுகாய், புளிக்குழம்பு இருந்தால் பீர் தோற்றுவிடும். ருசி பார்த்து முடிக்கும் வரை வறுத்த நிலக்கடலை உப்பில்லாமல் போதும்.

இரண்டு பாட்டில் கிடைத்தால் ஒன்றை இப்போது திறந்து, மற்றதை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நிமிர்த்தி, வெளிச்சம் படாமல் தாளில் சுற்றி ஒரு வருடம் விடலாம். பலமும் மால்ட்டும் இருப்பதால் இது தாங்கும். 5 சதவீதக் கோதுமை பீரை அப்படி வைத்தால் வீண். வைட்சன்போக்கில் அதற்குள் வாழையும் கிராம்பும் தேய்ந்து, பேரீச்சை, பழைய ஒயின் வாசனை கூடும். மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள், முதல் பாட்டிலின் குறிப்புத் தாளையும் இந்த இரண்டாவது பாட்டிலோடு ரப்பர் பேண்டில் சுற்றி வையுங்கள்.